நன்கொடைப் பக்கத்துக்கு ஒரு சீல்

உப்பு ஏற்றிய கன்டெய்னரின் கதவில் இருந்த சீல் எண்ணைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் படித்த பெண் யார்டு வெயிலில் நின்று லாரிகளைச் சரிபார்ப்பது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு ஒரு சீலின் கடைசி இலக்கம் தாளில் இருந்ததோடு பொருந்தவில்லை. லாரியை ஓரங்கட்டச் சொன்னேன். டிரைவர் அண்ணாச்சிக்கு மூக்குமேல் கோபம்.

“உள்ள இருக்கது உப்பு தாயி. தங்கமா வச்சிருக்கு? எவன் களவாங்கப் போறான்?”

“களவுக்கு இல்ல அண்ணாச்சி. நடுவழியில எவனாவது கதவைத் தொறந்து வேற எதையாவது உள்ள வச்சிட்டா? இங்கன ஏத்தினதுதான் வந்திருக்குன்னு அங்கன இறக்குறவன் நம்பணும்லா?”

தினமும் நாலு பேரிடம் சொல்கிற பதில்தான். அன்று மட்டும் சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். போன சனிக்கிழமை டீச்சர் என்னிடம் கேட்டதும் இதே கேள்விதானே! அப்போது ஏதோ ஒப்புக்குப் பதில் சொல்லியிருந்தேன். தாளில் இருந்தது தட்டச்சுப் பிழை என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது. அண்ணாச்சி முறைத்துக்கொண்டே போனார். அவருக்கு நான் ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன்.

டீச்சர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் கண்களுக்காக ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறார். வெள்ளை உப்பில் பட்டு எகிறும் வெயில் வருஷக்கணக்கில் அவர்கள் கண்ணைத் தின்றுவிடுகிறது. ஐப்பசி மழை இறங்கினால் அளத்தில் வேலை நிற்கும். அறுவை சிகிச்சை செய்துகொண்டு கொஞ்ச நாள் வீட்டில் இருக்க அவர்களுக்கு வாய்ப்பது அந்த மழைக்காலம் மட்டுந்தான். அதற்குள் பணம் சேராவிட்டால், வரிசையில் நிற்கிற பெண் இன்னொரு வருஷம் மங்கிய கண்ணோடு உப்பு வார வேண்டும்.

பணம் தருகிறவர்கள் பெரும்பாலும் டீச்சரின் பழைய மாணவர்கள். பாதிப் பேர் கப்பலில் வேலை பார்க்கிறார்கள். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி, இலவச வைஃபை கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து எங்கள் இணையப் பக்கத்தைத் திறப்பார்கள். அதில் ஒரு படம், நாலு வரி, ஸ்கேன் செய்து பணம் அனுப்ப ஒரு கியூஆர் கோடு. அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நானே போய்க் கேட்டு வாங்கியிருந்தேன்.

“டீச்சர், ஒங்க பக்கம் பாதுகாப்பு இல்லன்னு போன்ல காட்டுதே?” என்று கப்பலில் இருந்த ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். போன சனிக்கிழமை டீச்சர் அதைச் சொன்னதும், “பூட்டுப் போட்டுறலாம் டீச்சர்” என்றேன் நான். முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டாகத் தெரியுமே, அந்த ‘https’ பாதுகாப்பைத்தான் சொன்னேன்.

“கார்டு நம்பர் கேக்கோமா? இல்ல. பாஸ்வேர்டு கேக்கோமா? இல்ல. ஊரே பாக்கணும்னு வச்சிருக்க பக்கத்துக்கு எதுக்குளா பூட்டு?”

“எல்லாரும் போடுதாங்க டீச்சர்.”

“எல்லாரும் எழுதினா விடை சரியாயிருமா? மழைக்கு முன்ன எதையாவது நோண்டி, பக்கம் படுத்துக்கிச்சுன்னா நான் யாரைக் கேப்பேன்?”

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. என் பதிலில்தான் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மடிக்கணினியோடு போய் நின்றேன். “ஒரு சோதனை செஞ்சு காட்டுதேன், சம்மதமா?” என்று கேட்டு, டீச்சரின் பழைய போனை என் மடிக்கணினி கொடுத்த வைஃபையில் இணைத்தேன். பக்கம் திறந்தது. அதே படம், அதே நாலு வரி. “இப்போ அந்தக் கோடை இன்னொரு போன்ல ஸ்கேன் பண்ணுங்க.”

பண்ணினார். யாருக்குப் பணம் போகும் என்ற இடத்தில் அறக்கட்டளையின் பெயர் இல்லை.

“ஏளா, இது ஒம் பேருல்லா!”

“ஆமா டீச்சர். நம்ம பக்கத்துல நான் கை வைக்கல. அது அங்கன அப்படியேதான் இருக்கு. வார வழியில நின்னு, ஒரு படத்தை எடுத்துட்டு என் படத்தை வச்சேன். எந்த ஊரு வைஃபைலயும் ஒருத்தன் இதைச் செய்யலாம்.”

டீச்சர் போனை மேசையில் வைத்தார். “எங்கிட்ட படிச்ச பிள்ளை எனக்கு அனுப்பிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருப்பான். இங்கன வந்தே இருக்காது. வரலன்னு நான் எப்படி அவன்கிட்ட சொல்லுவேன்?” என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “களவாணிப் புத்தி ஒனக்கு எங்கருந்துளா வந்துச்சு?” அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து பொருத்தினேன். என் போனில் புது முகவரியைத் திறந்து அதே தந்திரத்தைத் திரும்பச் செய்து பார்த்தேன், பலிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து குதிக்காத குறை.

டீச்சர் குதிக்கவில்லை. மேசையில் அடுக்கியிருந்த நன்கொடை நோட்டீஸில் ஒன்றை எடுத்தார். விடைத்தாள் திருத்துகிறவர் போல, அதில் அச்சடித்திருந்த முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்து, இன்னமும் என் வைஃபையில் இருந்த அந்தப் பழைய போனில் தட்டினார். ஸ்கேன் செய்தார். மறுபடியும் என் பெயர்!

நோட்டீஸில் இருந்தது பூட்டு வருவதற்கு முந்தைய, ‘http’ என்று தொடங்கும் முகவரி; புதியதில் அதோடு ஒரு ‘s’ சேர்ந்திருக்கும். புது வாசலுக்குப் பூட்டுப் போட்ட நான் பழைய வாசலை அடைக்கவே இல்லை. கன்டெய்னரின் ஒரு கதவுக்கு சீல் போட்டுவிட்டு இன்னொன்றைத் திறந்துவிட்டது போல. தினமும் யார்டில் நிற்கிற எனக்கே இது தோன்றவில்லை. காது சுட்டது.

“அச்சடிச்சது அத்தனையும் ஊருக்குள்ள போயிட்டுளா.”

“நோட்டீஸை மாத்த வேண்டாம் டீச்சர். பழைய வழியா வந்தாலும் பூட்டின வழிக்கே திருப்பிவிட்டுறலாம்.”

திருப்பிவிட்டேன். அதோடு, ஒரு முறை பூட்டிய வழியில் வந்த போன் இனிமேல் வேறு வழியில் வரவே கூடாது என்று சொல்லும் ஒரு வரியையும் சேர்த்தேன். டீச்சர் தன் சொந்த இணைப்பில் பக்கத்தை ஒரு முறை திறந்தார். பிறகு என் வைஃபைக்கு வந்து நோட்டீஸ் முகவரியைத் தட்டினார். போன் உள்ளே விட மறுத்துச் சிவப்பாக எச்சரித்தது. இரண்டு முறை, மூன்று முறை. என் தந்திரம் என்னிடமே தோற்றுப்போனதில் எனக்கு அப்படியொரு பெருமிதம்.

“நூத்துக்குத் தொண்ணூறு” என்றார் டீச்சர்.

“மீதிப் பத்து?”

“எம் போன் ஒருக்க வந்துட்டு, அதுக்குத் தெரியும். மொத மொத வாரவன் போனுக்கு?”

அந்த மழைக்காலத்தில் வரிசையில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் சிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்த ஓர் அக்கா என் சட்டையை உற்றுப் பார்த்து, “பொத்தான் ஒண்ணு மாறிப் போட்டிருக்க” என்றார். நான் சரிசெய்யாமலேயே வீடு வரை நடந்தேன். பூட்டு வந்துவிட்டது என்று கப்பல் மாணவர் டீச்சருக்குச் செய்தி அனுப்பினார். அதை டீச்சர் எனக்கு அனுப்பிவைத்தார், கூடவே “பத்து பாக்கி” என்று ஒரு வரி.

அந்தப் பத்துக்கு வழி இருக்கிறது. பூட்டிய வழியில் மட்டுமே திறக்க வேண்டிய முகவரிகளின் பட்டியல் ஒன்றை பிரவுசர்கள் கூடவே சுமந்து வருகின்றன. அதில் எங்கள் பெயர் ஏறிவிட்டால், முதல் முறை வருகிறவனின் போனுக்கும் முன்பே தெரிந்திருக்கும். ஆனால் அதே முகவரியின் கீழ் பழைய கண் சிகிச்சை முகாம்களில் எடுத்த படங்களின் தொகுப்பு பூட்டில்லாமல் கிடக்கிறது, அதன் பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகமில்லை. அதைச் சரிசெய்யாமல் பட்டியலில் ஏறினால் அந்தப் படங்கள் யாருக்கும் திறக்காது. அவசரப்பட்டு ஏறிவிட்டு இறங்க நினைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே வருகிற சனிக்கிழமை முதலில் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக இறக்கிப் புது இடத்துக்கு மாற்றப்போகிறேன். பிறகு பட்டியலுக்கு விண்ணப்பம். அடுத்த ஐப்பசிக்கு முன்னால்.