நான் போட்ட பூட்டு

கம்பம் ஊரில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். பெண்பிள்ளைகள் படம் வெளியே போய்விடக் கூடாதென்று கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் பூட்டியே வைத்திருந்தேன்.

ஒரு காலையில், கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் புரோகிராமுக்கு அப்டேட் வந்தது. சரி என்று அழுத்தினேன். மறுபடி ஆன் ஆனதும், டிஸ்க் பூட்டைத் திறக்க ரெகவரி கீ என்ற நீள எண்ணைக் கேட்டது. அதை அந்த டிஸ்க்குக்குள்தான் சேமித்திருந்தேன். கேமரா கார்டையும் அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்திருந்தேன்.

உள்ளே மாட்டியது செல்வியின் கல்யாணம். அது முடிந்த மறுவாரமே அவள் அப்பா இறந்துபோனார். அவரைப் பார்க்க வேண்டுமென்று வீடியோ கேட்டு வந்தவளிடம், "இடி விழுந்து கம்ப்யூட்டர் போச்சும்மா" என்றேன்.

"இடிக்கு நீங்க என்னண்ணே செய்வீக" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனாள்.

நம்பின மெஷின் கழுத்தறுத்துவிட்டதென்று அதுவரை மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை.