கூலி லைன்

அறுபதுகளின் கடைசியில் எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. பதுளையைச் சுற்றியுள்ள சிறிய டவுன்களில் ஒன்று. எது என்று சொல்லப்போவதில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை.

தபால் கந்தோருக்குப் பின்னால் ஓர் அறை. சுவரை மறைத்தபடி ஒரு பெரிய மரப்பலகை. அதில் வரிசையாகத் துளைகள். யாராவது டெலிபோனைச் சுற்றினால் அவர்களுடைய துளைக்கு மேலே ஒரு சின்னத் தகடு விழும். அந்தத் துளையில் ஒரு வயரைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, அவர்களுடைய துளையில் மற்ற வயரைச் செருக வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கடைகள், ஆஸ்பத்திரி, பொலிஸ் என்று விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தவள், பலகையின் கீழ் ஓரத்துக்கு வந்ததும் சாதாரணமாகச் சொன்னாள்: "இது கூலி லைன்."

தோட்டங்களுக்குப் போகும் லைன் அது. ஒரே வயரில் பல தோட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு வெள்ளைக்காரத் துரைமார் வைத்திருந்த இங்கிலீஷ் பெயர்தான் கூலி லைன். டெலிபோனும் லைன்தானே என்று முன்னொரு காலத்தில் யாரோ வேடிக்கைக்காக அதை எடுத்து இங்கே ஒட்டிவிட்டிருக்கிறார்கள். நான் வந்தபோது அதில் வேடிக்கைகூட மிஞ்சியிருக்கவில்லை. வெறும் வேலைப் பேச்சாகிவிட்டிருந்தது. இத்தனைக்கும் அந்த லைனில் பேசியவர்கள் துரைமாரும் கிளாக்கர்மாரும். கொழுந்து பறிக்கிற யாரும் அதைத் தொட்டதே இல்லை.

ஒரு பெயர் என்றால் பிள்ளைகுட்டி போடும். லைனில் இரைச்சல் கேட்டால் "கூலி அழுகுது" என்பார்கள். மழையில் மரம் சாய்ந்து வயர் அறுந்தால் "கூலி செத்துப்போச்சு" என்று லைன்மேனுக்குச் சொல்லி அனுப்புவார்கள். மழைக்காலத்தில் கூலி வாரத்துக்கு ஒருமுறையாவது செத்தது.

நான் பூனாகலைப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவள். அப்பா விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் போய்த் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். தோட்டத்து ஆட்களில் பலருக்குக் கிடைக்காத பிரஜாவுரிமையை எப்படியோ முயன்று எடுத்துவிட்டிருந்தார். அதனால்தான் எனக்கு அரசாங்க வேலை. இதெல்லாம் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவளுக்குத் தெரியும்; அதற்குள் அவள் என் தோழியாகிவிட்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது அவளிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அந்தப் பேரைச் சொல்றப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்குங்க."

அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "ஐயோ, உம்மை ஆர் அப்பிடி நினைக்கிறது? நீர் எங்களைப்போலப் படிச்ச பிள்ளை. அது லைனுக்குச் சொல்லுறது." பிறகு தன் பார்சலில் இருந்த மீன் பொரியலில் பாதியை எனக்கு எடுத்து வைத்தாள். சாப்பிட்டேன்.

அப்பா இறந்தது ஒரு மழைக்காலத்தில். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில், படிக்கட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து லயத்தில் குடியிருந்த என் அக்கா ஓடிப்போய்த் தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் அழுதிருக்கிறாள். அவர் இரக்கப்பட்டுக் கந்தோர் டெலிபோனைச் சுற்றி அவள் கையில் கொடுத்திருக்கிறார். அக்கா அதுவரை டெலிபோனைக் காதில் வைத்தவள் இல்லை.

எங்கள் அறையில் தகடு விழுந்தது. தோழி வயரைச் செருகினாள். ஒரே இரைச்சல். "ஹலோ, ஹலோ" என்று இரண்டு முறை கத்திப் பார்த்துவிட்டு, தன் குரல் லைனில் போகும் சாவியை மூடாமலே என் பக்கம் திரும்பி, "கூலி செத்துப்போச்சு போல" என்றாள்.

இரைச்சல் சட்டென்று விட்டது. அக்காவின் குரல் அவள் காதில் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் வெளுத்தது. காதுக்கருவியைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள்.

"ஆமாங்க," என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "செத்துட்டாருங்க. உங்களுக்கு அதுக்குள்ள யாருங்க சொன்னது? தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அக்கா, நான்தான் பேசுறேன்."

"அப்பா போயிட்டாருடி," என்றாள். பெரிய கிளாக்கர் வாங்கி, எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று சொன்னார்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, தோழி எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன சொன்னனான் எண்டு அவவுக்கு விளங்கினதோ?" என்று கேட்டாள். அக்காவுக்கு விளங்கவில்லை என்றேன். அது உண்மை. டவுனில் இருக்கிற பெரிய மனுஷி ஒருத்தி அப்பா இறந்ததைத் தனக்கு முன்பே அறிந்து துக்கத்தோடு சொன்னாள் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். சாவு வீட்டில் எல்லோரிடமும் அதை ஒரு மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தோழிக்கு இதைச் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் இருவருமாக மேற்பார்வையாளரிடம் போனோம். அவரும் யாழ்ப்பாணத்தவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இது என்ன புதுக்கதை? வெள்ளைக்காரன் காலத்தில இருந்து சொல்லுற பேர். ஒருதரும் மனசில வைச்சுச் சொல்லுறேல்லை," என்றார்.

"மனசில வைக்காமச் சொல்றதுதான் சேர் கஷ்டமா இருக்கு," என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, வேற என்ன சொல்லுறது? நீரே சொல்லும்."

அதை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. தோட்ட லைன் என்று சொல்லிப் பார்த்தோம். அதுவும் லயத்தைத்தான் நினைவூட்டியது. கடைசியில் மலை லைன் என்று தோழி சொன்னாள். நாங்கள் எல்லோரும் இருந்ததே மலையில்தான் என்று மேற்பார்வையாளர் சிரித்தார். ஆனாலும் அதுவே நின்றது. சிங்கள லைன்மேன் காரணம் ஒன்றும் கேட்கவில்லை. "ஹரி, கந்த லைன்," என்று மலையைச் சிங்களமாக்கி அன்றிலிருந்தே சொல்லத் தொடங்கினார். இரவு வேலைக்கு வரும் ஆண்களுக்குத்தான் வாயில் வரவில்லை. ஒருவர் வேண்டுமென்றே 'மகாராணி லைன்' என்று கொஞ்ச நாள் சொன்னார். தோழி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வாய் தவறி அவளே பழைய பெயரைச் சொல்லிவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வாள். அந்த வருஷம் முடிவதற்குள் பழைய பெயர் போய்விட்டது. வயர் அறுந்தால் வயர் அறுந்தது என்றுதான் சொன்னோம்.

அக்காவின் புருஷனுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. அப்பா எழுதிப்போட்ட காலத்தில் அக்கா கல்யாணமாகிப் போய்விட்டிருந்தாள். அதனால் அவளுக்கும் இல்லை. இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு மனுப்போட்டிருந்தார்கள். அப்பா இருக்கும்வரை எனக்கு அது எங்கோ நடக்கிற விஷயம்போல இருந்தது. அவர் போன அடுத்த வருஷம் போகச்சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

புறப்படும் வாரத்தில் பெரிய கிளாக்கர் மறுபடியும் டெலிபோனைக் கொடுத்தார். தோழிதான் எடுத்தாள். சாவி திறந்திருக்க, ஒவ்வொரு சொல்லாக, அக்காவுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மலை லைனில உம்மட அக்கா."

அக்கா அதைக் கவனிக்கவேயில்லை. "தங்கச்சி, அந்த அம்மிக்கல்லத் தூக்கிட்டுப் போக முடியாதாம். நீ வந்து எடுத்துக்கிறியா?" என்று கேட்டாள். "ஆட்ட வித்துட்டோம். சின்னவன் அதுக்கு அழுவுறான். நீ வாடி, ஒருக்கா வந்துட்டுப் போ." எனக்காகவும் அவளுக்காகவும் அவ்வளவு பாடுபட்டு மாற்றிய பெயர் அவள் காதுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்துவிட்டது. வருகிறேன் என்றேன்.

பண்டாரவளையில் அவர்களோடு கோச்சியில் ஏறினேன். அப்புத்தளை வரைக்கும் கூட வருவதாகச் சொல்லியிருந்தேன். பெட்டி முழுக்க எங்கள் ஆட்கள். ஸ்டேசனுக்கு ஸ்டேசன் ஆட்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். அக்கா அழவில்லை. சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே குளிராது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புத்தளையில் நான் இறங்கினபோதுதான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கோச்சி நகர்ந்த பிறகும் விடவில்லை. நான் கூடவே ஓடினேன். அத்தான்தான் அவள் விரல்களைப் பிரித்தெடுத்தார். பிறகு மூடுபனி.

சில வருஷங்களுக்குப் பிறகு, பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் நாகூருக்குப் போனார். அக்கா திருச்சிக்கு வெளியே இருப்பதாகத் தெரிந்திருந்ததால், ஒரு சேலையைக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்ததும் கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பாத்தேன் தங்கச்சி. கல்லு உடைக்கப் போறாங்க. சேலைய வாங்கிக் கண்ணுல வச்சிக்கிட்டாங்க."

"சின்னவன் எப்படி இருக்கான்?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அவன் இப்ப இல்ல தங்கச்சி. அங்க போன மறுவருஷமே காய்ச்சல்ல போயிட்டான். உங்களுக்குச் சொல்ல வேணாம்னாங்க. எனக்குச் சொல்லாம இருக்க ஏலல்ல."

தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு சொன்னார்: "பேரு சொல்லி விசாரிச்சா ஒருத்தருக்கும் தெரியல்ல. கடைசில ஒரு டீக்கடைக்காரன்தான், 'சிலோன் அகதியா?'ன்னு கேட்டு வழி காட்டினான். புள்ளைங்களையும் பள்ளிக்கூடத்துல அப்படித்தான் கூப்புடுறாங்களாம்."

மறுநாள் இதைத் தோழியிடம் சொன்னேன். "அங்கை நாங்கள் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" என்றாள். அன்று தோட்டங்களில் இருந்து வந்த டெலிபோன் கோல்களையெல்லாம் அவளே எடுத்தாள்; என்னை எடுக்க விடவில்லை.

அப்புத்தளைக்குப் பிறகு அக்காவை நான் பார்க்கவில்லை. எண்பதுகளில் ஒருநாள், அவள் மூத்த மகளிடமிருந்து அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது, கருமாதியே முடிந்துவிட்டிருந்தது.