வாத்து எச்சமும் எவர்சில்வர் டம்ளரும்

பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை, கெலவரப்பள்ளி அணைக்கரையில் வாத்து எச்சம் எடுப்பது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. என் அம்மாதான் மறைத்தாள். கேட்பவர்களிடம் "லேப்புல இருக்கா" என்று மட்டும் சொல்வாள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர்கள் யாரும் கிடையாது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கோழித்தீவனம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று ஓசூரில் சின்னதாக ஓர் ஆய்வகம் வைத்திருந்தது. தீபாவளி கழிந்ததும் வடக்கே எங்கிருந்தோ ஊசிவால் வாத்துகளும் கிளுவை வாத்துகளும் வந்து அணையில் இறங்கும். அவற்றின் குடலில் பறவைக் காய்ச்சல் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் வாத்துக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். எச்சத்தில் வெளியேறும் வைரஸ் கோழிப் பண்ணைக்குள் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் கம்பெனியின் கவலை.

முதல் பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவேன். வெயில் ஏறினால் எச்சம் காய்ந்துவிடும், காய்ந்தால் வைரஸ் செத்துவிடும். பனி விலகுவதற்குள் சேற்றில் இறங்கி, பஞ்சு சுற்றிய குச்சியால் எச்சத்தைத் தொட்டு, மருந்து நீர் உள்ள குழாயில் முறித்துப் போட்டு ஐஸில் வைக்க வேண்டும். கரையில் தக்காளிக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு.

"ஏனம்மா, எச்சத்துல ஜோசியம் பாக்குறியா? தக்காளி வெல எப்ப ஏறும்னு கேட்டுச் சொல்லு."

"நீங்க வித்து முடிச்சப்புறம்தான் ஏறுமாம், வாத்து சொல்லுது" என்பேன். சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பு என்னை உறுத்தியதில்லை.

அம்மா சொன்னதுதான் உறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து பண்ணைக்காரர் வீட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுகிறவள் அவள். ஒருநாள் என் பாவாடை ஓரத்துச் சேற்றைக் கசக்கிக்கொண்டே, "நான் மாட்டுது அள்ளுனேன், நீ வாத்துது அள்ளுற. இதுக்கு எதுக்குடி காலேஜு?" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் முட்டை ரூமுக்குப் போயிடுவேன்" என்றேன்.

முட்டை அறைதான் அந்த ஆய்வகத்தின் உயிர். நான் கொண்டுவரும் எச்சத்தைக் கரைத்து, வடிகட்டி, கரு வளரும் கோழி முட்டைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். வைரஸ் இருந்தால் அதற்குள் பெருகும். சில நாள் கழித்து முட்டையிலிருந்து திரவத்தை எடுத்து, கோழி ரத்தத்தின் சிவப்பணுக்களோடு குழிகள் உள்ள தட்டில் கலப்பார்கள். வைரஸ் இல்லையென்றால் சிவப்பணுக்கள் குழியின் அடியில் குங்குமப் பொட்டு மாதிரி திரண்டு நிற்கும். இருந்தால் பொட்டு விழாது, செம்படலமாகப் பரவிக் கிடக்கும். இதெல்லாம் நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக் கற்றது. வேலையில் சேர்ந்த அன்று, ஆய்வகத்தை நடத்திய கால்நடை டாக்டர், "ஒரு சீசன் வெளி வேலை பாரும்மா. அப்புறம் உள்ள போகலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சேற்றில் நின்றேன்.

உள்ளே இருந்த டெக்னீஷியன் நிலபுலன் உள்ள வீட்டுக்காரர். வீட்டில் கோழி ஷெட்டும் உண்டு. நான் சேர்ந்த மறுநாளே, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஊர்ல எங்க?"

"காலனி, சார்."

"ஓ" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த வாரமே ஜன்னல் விளிம்பில் ஓர் எவர்சில்வர் டம்ளர் வந்து உட்கார்ந்தது. மற்றவர்களுக்குத் தட்டில் கண்ணாடி டம்ளர்கள். "தப்பா எடுத்துக்காதம்மா. நீ எச்சம் தொடுற ஆளு. கிருமி விஷயம் பாரு" என்றார் டெக்னீஷியன். டாக்டர் பேப்பரில் இருந்து தலையை எடுக்கவில்லை. எச்சத்தில் இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாத வைரஸை நான் குச்சி முனையில் தொட்டேன். அதைக் கோடிக்கணக்கில் பெருக்குவதற்கென்றே ஊசி போட்ட முட்டைகளை உடைத்துவிட்டு வந்து, அவர் கண்ணாடி டம்ளரில் டீ குடித்தார். விலங்கியல் படித்த எனக்கு இந்தக் கணக்குப் புரியாமல் இல்லை. சீசன் முடியட்டும் என்று எவர்சில்வரில் குடித்தேன்.

சீசன் பாதிவரை பொட்டு பொட்டாகவே விழுந்தது. அப்போதுதான் ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சலில் மனிதர்களும் செத்தார்கள், ஊர்க் கோழிகளையெல்லாம் கொல்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. அதே சமயத்தில் ஒருநாள், நான் கொண்டுவந்த ஊசிவால் வாத்தின் எச்சத்தில் பொட்டு விழவில்லை. இதே மாதிரி பொட்டு விழாமல் செய்யும் கோழி வெள்ளைக்கழிச்சல் வைரஸாக இருக்குமோ என்று டாக்டர் அதையும் சோதித்துப் பார்த்தார். அது இல்லை.

டெக்னீஷியன் தட்டைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். "சார், எங்க வீட்ல கோழி ஷெட் இருக்கு, சின்னப் பசங்க இருக்காங்க. நான் உள்ள போக மாட்டேன்."

"மறுபடி முட்டையில போட்டு உறுதி பண்ணணுமேய்யா. யாரு போறது?"

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"நீதானம்மா கேட்டுக்கிட்டே இருந்த? போ" என்றார் டாக்டர்.

போனேன். எதற்காக அனுப்புகிறார்கள் என்று தெரிந்தே போனேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ரத்த நாளங்கள் சிலந்தி வலை போல விரியும், நடுவில் கரு துள்ளும். நாளம் ஓடாத இடத்தில் பென்சிலால் குறித்து, துளையிட்டு, ஊசி போட்டு, மெழுகால் அடைத்தேன். ஒரு முட்டைகூட என் கையில் வீணாகவில்லை. திரவத்தை எடுத்துத் தட்டில் கலந்துவிட்டுக் காத்திருந்தபோது, எந்தக் குழியிலும் பொட்டு விழாமல் செம்படலம் பரவியது. அணையில் சேற்றோடு சேறாகக் கிடந்ததை நான்தான் எடுத்தேன், நான்தான் வளர்த்தேன், நான்தான் பார்த்தேன். அந்த நாட்களில் எனக்கு டீ, கதவுக்கு வெளியே தரையில் வைக்கப்பட்டது. அதைக்கூட அப்போது பெரிதாக எண்ணவில்லை.

வைரஸை ஐஸில் கட்டி, அதன் மரபணுவைப் படித்துச் சொல்லக்கூடிய வடக்கத்தி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். பதில் வரும்வரை முட்டை அறை என்னுடையது.

வாத்துகளெல்லாம் திரும்பிப் போன பிறகு பதில் வந்தது. டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்தார். மரபணுவில் ஹாங்காங் வைரஸோடு எந்த உறவும் இல்லை. காட்டு வாத்துகளிடம் சாதாரணமாக இருக்கும் வகைதான், பயப்பட ஒன்றுமில்லை. டெக்னீஷியன் கைதட்டினார். எழுந்துபோய்ப் புதுக் கையுறை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சார், முட்டை ரூம்..." என்றேன்.

"அவரு சீனியரும்மா. நீ அடுத்த சீசனுக்கு ஏரி குளமெல்லாம் பாத்து வை."

டீ வந்திருந்தது. நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. தட்டிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, நின்றபடியே கடைசி வாய்வரை குடித்து, மற்ற டம்ளர்களோடு வைத்தேன். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததை என் வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில், பஞ்சுக் குச்சிகளைக் கிருமிநீக்கம் செய்வதற்காக ஆட்டோக்ளேவைத் திறந்தேன். வைரஸ் முட்டைகளை அழுத்த நீராவியில் வேகவைத்துக் கொல்லும் பெரிய பாத்திரம் அது. உள்ளே கண்ணாடி டம்ளர்கள். இன்னும் சூடு ஆறவில்லை.

அப்படியே தட்டில் அடுக்கி டாக்டர் மேசைக்குக் கொண்டுபோனேன்.

"சார், நான் குடிச்சது எதுன்னு தெரியல போலிருக்கு. எல்லாத்தையும் வேகவச்சிருக்காங்க."

"கிருமி விஷயத்துல ஜாக்கிரதை வேணும்ல?"

"பயப்பட ஒண்ணுமில்லன்னு நேத்து நீங்கதான சார் படிச்சீங்க?"

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். நான் என்னிடம் இருந்த ஆய்வகச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா கொட்டகை வேலை முடிந்து வந்திருந்தாள். பகலில் என்னை வீட்டில் பார்த்ததும், "லேப்பு இல்லையா?" என்றாள். சொன்னேன். கை கழுவியபடியே முழுவதும் கேட்டாள்.

"நான் இன்னைக்கும் கொட்டாங்கச்சியிலதான் குடிச்சேன். உனக்கு எவர்சில்வர் குடுத்துருக்காங்க. காலேஜு படிச்சதுக்கு அவ்வளவாச்சும் ஆச்சேடி" என்றாள்.

கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று அவள் முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.