கருமம் என்ற சொல்லும் என் மகனும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கோ. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கோயில் பள்ளிக்கூடத்தில் சட்டம்பியார் மணலில் எழுதிப் பழக்கிய எழுத்துத்தான் என்னிடம் இருக்கிறது. பெரியபிள்ளை ஆனதும் அதுவும் நின்றுபோச்சு. இப்போது மறதி வேறு. ஒன்றை எழுதப்போய் இன்னொன்றில் நிற்பேன். ஊரில் இருக்கிற என் சனங்களும், என்னைப்போல கடல் கடந்து வந்து கிடப்பவர்களும் இதை வாசிப்பீர்கள் என்றுதான் துணிந்து எழுதுகிறேன்.

பழவேற்காட்டில் எனக்கு ஒரு ஆயுள் கழிந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் காலையில் ஏரிப்பக்கம் போனால் ஒரு சொல் என்னைத் திடுக்கிட வைக்கும். பெண்கள் தண்ணீரில் குந்தியபடி சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இறாலுக்குப் பதில் அழுகின பாசி கையில் வந்தால் "தூ, கருமம்!" என்று வீசுவார்கள். எங்கள் ஊரில் கருமம் என்றால் வேலை, காரியம். "அண்ணை ஒரு கருமமாய்ப் போறார்" என்பது மரியாதையான பேச்சு. வந்த புதிதில் பக்கத்துக் குடிசைக்காரியிடம், "உங்கடை புருஷன் என்ன கருமம் செய்யிறார்? வாங்கோ, இருந்து கதைப்பம்" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னா வாயிம்மா இது! எம் புருசன் உசிரோட கீறாரு. கருமம் செத்தவனுக்குச் செய்யறது. இதுல கதை வேற சொல்லப்போறியா?" என்றாள். நாங்கள் அந்தியேட்டி என்பதை இங்கே கருமம் என்கிறார்கள். அன்றிலிருந்து நான் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். முன்னமே கூச்சக்காரி.

என் புருஷன் மரக்கலம் செய்யும் ஓடாவி. வேலை தேடித்தான் எங்களை இங்கே கூட்டிவந்தார். காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகன் கந்தன் வளர்ந்து, கோட்டைக்குப்பத்து அங்கம்மாவைக் கட்டினான். கட்டிய அடுத்த வருஷமே கப்பல் வேலைக்கென்று, கிழக்கே கடலுக்கு அப்பால் ஒல்லாந்தர் ஆளுகிற பத்தாவிப் பட்டினத்துக்குப் போனான். கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கூடப்போனவர்களில் ஒருவன் அவன் அங்கேயே இறங்கிவிட்டான் என்றான், மற்றவன் காய்ச்சல் என்றான். கோட்டை வாசலில் போய் நின்று ஒல்லாந்தரிடம் கேட்டேன். அழுகையில் "எல்லாம் என்ரை கருமம் ஐயா" என்றும் சொல்லிவிட்டேன். துபாசி அதை என்னவென்று சொன்னானோ, அந்த மனுஷர் "வெர்க், வெர்க்" என்று தலையாட்டி, துணி வெளுக்க ஆள் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வெர்க் என்றால் அவர்கள் பாஷையில் வேலையாம். வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்திருக்கிறார். நான் வந்தவழியே திரும்பிவிட்டேன்.

பிறகு ஒரு கப்பல்காரன் சொன்னான், பத்தாவிப் பக்கத்திலும் கர்மா என்று ஒரு சொல் உண்டாம், தலைவிதி என்கிற மாதிரி. வேலைக்குக் கெர்ஜா என்பார்களாம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது இரண்டும். அந்தச் சொல் எந்தக் காலத்தில் எந்த மரக்கலம் ஏறிப் போனதோ, பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்து வீடுவாசலோடு இருக்கிறது.

வருஷங்கள் போயின. அங்கம்மா என்னோடேயே இருந்தாள், இறால் பிடித்து எனக்கும் கஞ்சி ஊற்றினாள். பெண்சாதி செத்த ஒருவன் அவளைக் கேட்டு வந்தான். கந்தனுக்குக் கருமம் முடித்தால்தான் அவள் கழுத்தில் இன்னொரு தாலி ஏறலாம். அதற்குப் பெற்றவள் நான் சரி என்று சொல்லவேண்டும். அவள் தகப்பன் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாம் எங் கர்மா! இன்னும் எத்தினி நாளும்மா பொண்ணு இப்பிடியே கெடக்கறது?"

"அவன் வருவான் பாருங்கோ" என்றேன்.

"வருவான், வருவான். நண்டு கூட வளைய வுட்டு வந்துடுச்சி, உம் புள்ள வரல."

"நைனா, சும்மா இரு. அத்தைய ஒண்ணும் கேக்காத" என்று அங்கம்மா அதட்டினாள். அவர் போனபின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்த, அவரு மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு. உனுக்கு ஞாபகம் கீதா?" என்று மெதுவாய்க் கேட்டாள். நான் நினைத்துப் பார்த்தேன். பால்பல் விழுந்த முகம்தான் வந்தது. கப்பல் ஏறின ஆண்பிள்ளையின் முகம் வரவில்லை. செய்யுங்கோ என்று சொல்லிவிட்டேன்.

திருப்பாலைவனத்துப் பண்டாரம் வந்தார். உடம்பு இல்லாததால் புல்லில் ஒரு உருவம் கட்டினார். "செத்த நாள் இன்னாம்மா?" என்றார். எனக்கெப்படித் தெரியும்? "தெரியலன்னா வூட்ட வுட்டுப் போன நாளையே வெச்சிக்கறதுதான் மொற" என்றார். வடமொழியில் கருமம் என்றால் செய்கிறது, அவ்வளவுதான் அர்த்தம் என்றும் சொன்னார். எனக்கு இங்கே பங்காளி இல்லை. அங்கம்மாவின் தகப்பனே கொள்ளி வைத்தார். புல் உடனே எரிந்து முடிந்துவிட்டது. போன நாளே செத்த நாள் என்றால், நான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்த அத்தனை நாளும் செத்தவனுக்காகத்தான் இருந்திருக்கிறேன். வேலை, சாவுச் சடங்கு, தலைவிதி, சீ என்று வீசுகிற அழுக்கு, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லை ஏன் வைத்தார்கள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. விளங்கி என்ன?

அங்கம்மா இப்போது வேறு குப்பத்தில் பிள்ளைக்காரி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்போதாவது வருவாள். என் மகன் பழவேற்காட்டில் செத்துவிட்டான். யாழ்ப்பாணத்தில், இந்த எழுத்து வந்து சேரும்வரை உயிரோடு இருப்பான். பத்தாவியில் எப்படியோ, தெரியாது. அங்கே போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் எழுதின விபரம் சரியா என்று விசாரித்துப் பாருங்கோ. பெயர் கந்தன், ஓடாவி மகன். பிழையென்றால் எனக்கு அறிவியுங்கோ. அங்கம்மாவுக்கு மட்டும் சொல்லவேண்டாம்.