கலங்கரை விளக்கத்து உச்சியில் என் மொழிபெயர்ப்பு

போர்ச்சுகல் கடற்கரையில் கலங்கரை விளக்கங்களைச் சுற்றிக்காட்டும் பயணத்துக்கு உத்தமபாளையத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் பன்னிரண்டு பேர் போனோம். கூட வரவேண்டிய தமிழ் வழிகாட்டி கிளம்பும் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். அங்கே இருந்த உள்ளூர் வழிகாட்டி ஆங்கிலம்தான் பேசுவார் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முப்பது வருஷம் ஆங்கில வாத்தியார்.

முதல் விளக்கத்தின் உச்சியில் நின்று அவர் பத்து நிமிடம் பேசினார். கடல் காற்று ஒரு பக்கம், அவருடைய உச்சரிப்பு ஒரு பக்கம். 'விளக்கு' என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது.

"என்ன சொல்றாக சார்?" என்று கேட்டார் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அம்மா.

தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"இங்கன விளக்கேத்துற வேலையில ஒருத்தர் இருந்தாராம். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருச்சாம்."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து வழிகாட்டி நெகிழ்ந்துபோனார். அடுத்த விளக்கத்தில் இருபது நிமிடம் பேசினார். நானும் கதையில் மாமனாரை இறக்கினேன், மச்சினனை அடிக்க வரச் சொன்னேன். என் மனைவி மட்டும், "உங்களுக்கு ஒண்ணும் புரியலதானே?" என்று காதைக் கடித்தாள்.

கடைசி விளக்கத்தில் அந்த அம்மா என்னை மறித்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ள திரும்பி வந்துச்சா இல்லையா? அவரைக் கேட்டுச் சொல்லுங்க. நேத்துலருந்து எனக்குச் சோறு எறங்கல."

வழிகாட்டியிடம் எதையாவது கேட்டாக வேண்டும். கழிப்பறை எங்கே என்று கேட்டேன். அவர் கீழே தெரிந்த சின்ன வெள்ளைக் கட்டடத்தைக் காட்டினார்.

"வந்துட்டாகளாம். ரெண்டு பேரும் அந்த வெள்ளை வீட்லதான் குடியிருக்காகளாம்" என்றேன்.

பதினோரு பேரில் என் மனைவி தவிர மற்ற பத்துப் பேரும் கம்பியோரம் போய்க் கழிப்பறையைப் பார்த்துக் கையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து, எங்களைப் போலவே ஊர் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அவர் மனைவியும் அதிலிருந்து வெளியே வந்தார்கள். மேலே பார்த்துவிட்டு அவர்களும் கையாட்டினார்கள்.

"சோடி நல்லாத்தான் இருக்கு" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே இறங்கியதும் முறுக்குப் பொட்டலத்தோடு ஓடிப்போய் அந்தக் கிழவியைக் கட்டிக்கொண்டார். ஒரு படமும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் படம் இன்று அவர் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்கிறார், நான் சொன்னதைவிட நன்றாகவே.