நடுத் தண்ணீரில் அணைத்த மோட்டார்

ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நடுத் தண்ணீரில் அணைக்கச் சொன்னேனே, அது மறுபடி கிளம்பாமலே போயிருந்தால்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

பெங்களூரில் ஹெப்பகோடி பக்கம் நாங்கள் குடிவந்த புதிது. பெருமழையில் ஏரி நிரம்பி, குடியிருப்புக்குள் இடுப்பளவு தண்ணீர். கணவர் வேலை விஷயமாக வெளியூரில். கைக்குழந்தையான மகளுக்குக் காய்ச்சல். காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கூப்பிட்டால் வர, தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, ஆஸ்பத்திரிக்குப் போக உதவி கேட்டேன்.

அசோசியேஷனின் ரப்பர் படகோடு செயலாளர் வந்தார். பின்னால் சின்ன மோட்டார். எதிர் வீட்டு அம்மாவும் துணைக்கு ஏறிக்கொண்டார். அதுவரை அவரோடு நான் பேசியதே இல்லை.

கேட்டைத் தாண்டியதும் செயலாளர் கைப்பிடியை முறுக்கினார். வேகம் கூடவில்லை, மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. தண்ணீரோ எங்களை ராஜகாலுவே பக்கம், கரை தெரியாமல் ஓடிய பெரிய மழைநீர்க் கால்வாய்ப் பக்கம், இழுத்தது.

"ஸ்வல்ப இருங்க மேடம், சூடானா சரியாயிடும்."

"எவ்ளோ நேரம் சார் முறுக்குவீங்க? துணியா புழியறீங்க?" என்றார் எதிர் வீட்டு அம்மா.

என் ஸ்கூட்டரில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் கழன்றபோதும் கைப்பிடி இப்படித்தான் வெறுமனே சுற்றியது. சொன்னால் தப்பாகிவிடுமோ என்று தயங்கினேன். மகளின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"சார், ஆஃப் பண்ணுங்க. மூடியத் திறந்து பாக்கணும்."

"திரும்ப ஸ்டார்ட் ஆகலேன்னா?"

எனக்கும் அதே பயம்தான். ஆனால் ஓடும் மோட்டாருக்குள் கைவிட முடியாதே.

"கொழந்தைய எங்கிட்ட குடும்மா. நீ அதப் பாரு" என்றார் அந்த அம்மா.

செயலாளர் மோட்டாரை அணைத்துவிட்டு, ஒரு வீட்டின் கேட் கம்பியைப் பிடித்துப் படகை நிறுத்தினார். மூடியைத் திறந்தேன். ஆயுத பூஜைக்குச் சுற்றிய சாமந்திச் சரம்! பூ உதிர்ந்து, நூல் மட்டும் கேபிள் இழுக்கும் நெம்புகோலில் இறுகியிருந்தது. முறுக்கிய முறுக்கில் கேபிளின் உறை பிடியை விட்டு வெளியே வந்திருந்தது.

"நாந்தான் கட்டினேன்" என்றார் செயலாளர், மெதுவாக.

"மோட்டாருக்குப் பூ வெச்சது சரி சார், அது வாய்க்குள்ளயா வெப்பாங்க?" என்றார் எதிர் வீட்டு அம்மா.

ஹேர்பின்னால் நூலை நெம்பி எடுத்தேன். உறையைப் பிடிக்குள் அழுத்தி, கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். நெம்புகோல் நகர்ந்தது, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பியது. செயலாளர் கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி, மறுபடி. பிறகு பிடித்துக்கொண்டது.

மகள் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் மாலைவரை அந்த அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டாயா என்று இந்த ஊரில் என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

தண்ணீர் வடிந்தபின் எல்லாக் கதவுகளும் பழையபடி சாத்திக்கொண்டன. லிஃப்டில் பார்த்தால் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், மாடி வந்துவிடுகிறது. மோட்டாரைத் திறக்கத் துணிந்த எனக்கு அவர் வீட்டு மணியை அழுத்தத் தைரியம் இல்லை. ஆபத்து எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில், என்ன சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்குள் போவது? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்களேன்.