முடித்துவிட்டேன் என்று சொன்ன விளையாட்டு

பெரியவளே, சின்னவனே, எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாவது வரை படித்தேன். அப்புறம் பேனா பிடித்ததெல்லாம் பெரும்பாலும் கையெழுத்துப் போடத்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்க மைன் மூடிய வருஷம் பெரியவள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதி பெங்களூர்ப் பத்திரிகைக்கு அனுப்பினாள், அது திரும்பி வந்தது. ஏன் வந்தது என்று அவளுக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சின்னவனே, உனக்கு அப்போது ஒன்பது வயது, நீயும் படி. இனி 'நீ' என்று எழுதுவதெல்லாம் பெரியவளுக்கு.

நான் கேஜில், அதாவது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற கூண்டில், மணி அடிக்கிற வேலையில் இருந்தேன். கேஜ் வந்து நின்றால் ஆட்களை எண்ணி ஏற்றி, கதவைப் போட்டு, மேலே இன்ஜின் ரூமுக்கு மணி அடிக்க வேண்டும். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் டிரில் மெஷின் பிடித்தேன். அதில் வலது கை விரல் நுனி மரத்துப்போனது. சூடான டம்ளரைப் பிடித்தாலும் கொஞ்சம் கழித்துத்தான் தெரியும்.

மூடிய அன்று மைன் கேட்டில் கூட்டம். சிலர் அழுதார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். மறுநாளும் ஷிப்ட் நேரத்துக்கே விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். பிறகு படுத்துக்கொண்டேன். வாரக்கணக்கில் அப்படியே போனது. உங்கள் அம்மா ரேஷனுக்குப் போகச் சொன்னால் போவேன். சொல்லாவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

நீ அப்போது பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். பெங்களூரில் இங்கிலீஷில் வரும் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகைக்கு மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை. நாலாவதுக்குப் பதில் வந்தது, கூடவே ஒரு சிடி. அதில் இருக்கும் விளையாட்டை ஆடிப் பார்த்து பன்னிரண்டு நாளில் விமர்சனம் அனுப்ப வேண்டும். நன்றாக இருந்தால் மாதம் ஒன்று எழுதலாம், படிப்பு முடிந்ததும் ஆபீசுக்கே வேலைக்கு வரலாம். நம் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. நீ பிரித்து மடித்து, பிரித்து மடித்து, மடிப்பிலேயே அது கிழிந்துபோனது.

நம் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. என்னோடு மைனில் டிம்பர் வேலை, கூரைக்கு மரம் முட்டுக் கொடுக்கிற வேலை, பார்த்தவன் ஒருத்தன், கம்பெனி கொடுத்த பணத்தில் ஆண்டர்சன்பேட்டையில் மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தான். முதல் நாள் சாயந்திரம் அங்கே போய் ஆடிவிட்டு முகம் செத்து வந்தாய்.

"மொத லெவலே தாண்ட முடில நைனா. ஆறு தபா செத்துட்டேன். நாளன்னிக்கி பரீட்ச ஆரம்பிக்குது."

"நான் ஆடவா?"

"நீயா?"

"எனக்கு இன்னா வேல கீது?"

சிரித்தாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"சும்மா ஆடிட்டு வந்தா ஆவாது நைனா. ஒவ்வொரு லெவல்லயும் இன்னா கீது, எது கஷ்டம், எது நல்லாருக்குதுன்னு எழுதி வெக்கணும். கடேசி வரைக்கும் போவணும். முடிக்காம எழுதுனா அவுங்க கண்டுபுடிச்சிருவாங்க."

"முடிச்சிக் குடுக்கறேன். நீ போய் படி."

விளையாட்டு என்னவென்று சின்னவனுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு மலை. அதற்குள் கீழ்நோக்கி ஒன்பது லெவல் கோட்டை. அடியில் சாம்பல் பூத்த ஒரு ராஜா சாகாமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் சாகாததால் மேலே ஊரில் பயிர் விளைவதில்லை. ஒரு வீரன் கவசம் போட்டுக்கொண்டு, பாதி உடைந்த கத்தியோடு இறங்குகிறான். அவனை ஆட்டுவிப்பது நாம். அங்கங்கே கல்விளக்கு இருக்கும். ஏற்றிவிட்டால், அடுத்து செத்தாலும் அந்த விளக்கடியில் எழுந்துவிடலாம். ஆனால் அதுவரை சேர்த்த மந்திரக் கல்லெல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். போய் எடுப்பதற்குள் மறுபடி செத்தால் அதுவும் போச்சு. ஓடினால் மூச்சு வாங்குவான், மூச்சு வாங்கும்போது கேடயத்தைத் தூக்க முடியாது. அவ்வளவு கறாராகச் செய்திருந்தார்கள்.

காலையில் கடைக்கு யாரும் வர மாட்டார்கள். சும்மா உட்கார்ந்து ஆடிக்கொள் என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். விரல் நுனியில் உணர்ச்சி இல்லாததால் கீபோர்டில் எந்தப் பட்டனில் கை இருக்கிறதென்று தெரியாது. கீழே பார்த்து, மேலே பார்த்து, அதற்குள் வீரன் செத்திருப்பான். மூன்று பட்டன் மேல் பசை போட்டு அரிசி ஒட்டினேன். அப்புறம் அழுத்துவது கொஞ்சம் தெரிந்தது.

கடைக்காரன் பின்னால் நின்று பார்ப்பான். "இன்னாண்ணா, மறுபடியும் பஸ்ட் ஷிப்ட்டா?" என்று கிண்டல் செய்வான். ஒரு தடவை நான் ஒரு வாசலில் வீரனை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்ணா அங்கியே நின்னுக்கினு கீற?"

"மேல கல்லு பேந்துக்கினு கீதுபா. பாத்துதான் போவணும்."

"அது படம்ணா. உழாது."

"உழாத கூர எங்க கீது?"

"கம்ப்யூட்டர்ல கீது. போ, போய் அடி."

இரண்டு நாள் அப்படித்தான் ஆடினேன். வழியில் எவனாவது விழுந்து கிடந்தால் கிட்டே போய்ப் பார்ப்பேன். அவன் எழுந்து குத்திவிடுவான். அப்படி மட்டும் எத்தனையோ தடவை செத்தேன். மைனில் ஒருத்தன் விழுந்து கிடந்தால் அவனைத் தாண்டிக்கொண்டு போவது எங்களுக்குப் பழக்கமில்லை. இந்த விளையாட்டில் தாண்டித்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் கிடக்கும்போதே வெட்ட வேண்டும். மூன்றாம் நாள் முதல் வெட்டினேன். அதன் பிறகு லெவல் லெவலாக இறங்கினேன்.

மற்றவர்கள் நாலு தடவை செத்தால் கீபோர்டைக் குத்துவார்களாம். "நீ மட்டும் கல்லு மாரி குந்திக்கினு கீறயே, உனக்குக் கோவமே வராதா?" என்று கடைக்காரன் கேட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. பயமும் வரவில்லை. திரை சிவக்கும், கறுக்கும், வீரன் விளக்கடியில் எழுந்திருப்பான், நான் மறுபடி நடத்துவேன். ஜெயித்தாலும் சந்தோஷம் வரவில்லை. அந்த மாதம் எனக்கு எதுவுமே வரவில்லை. அதனால்தான் ஆட முடிந்தது என்று நினைக்கிறேன்.

நோட்டில் எழுதி வைத்தேன். நாலாம் லெவல் தண்ணீர், முழங்கால் ஆழம், மெதுவாகத்தான் நடக்க முடியும், பொறுமையைச் சோதிக்கிறது. ஆறாம் லெவல் பாம்பு, அதற்குக் கண் தெரியாது, சத்தம் போடாமல் போனால் விட்டுவிடும், இது நன்றாக இருக்கிறது. ஏழாம் லெவலில் விளக்குகள் ரொம்பத் தூரம், இது அநியாயம். நீ ராத்திரி சாப்பிடும்போது அதைப் படித்து இங்கிலீஷில் மாற்றுவாய். ஒரு இடத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: 'இதில் சாவதெல்லாம் நம் தப்பால்தான். அவசரப்பட்டோம், பார்க்காமல் போனோம், அதனால் சாகிறோம். தப்பு செய்யாதவன் சாவதில்லை. இது எனக்குப் பிடித்தது.'

நீ அதை இரண்டு தடவை படித்தாய். "இத அப்பிடியே போடறேன் நைனா. பத்திரிகக்காரன் கூட இப்பிடி எழுத மாட்டான்" என்றாய். அம்மா கேட்டுவிட்டு, "அப்ப மைன்ல செத்தவங்கள்லாம் தப்பு செஞ்சவங்களா?" என்றாள். "அங்க அப்பிடி இல்லியே, அதனாலதாம்மா இது புடிச்சிருக்குதுன்னு எழுதியிருக்கறாரு" என்று நீதான் பதில் சொன்னாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் ராஜாவிடம் போய்ச் சேர்ந்தேன். அவனுக்கு இரண்டு கத்தி. எட்டாம் நாள் முழுக்கச் செத்தேன். ஒன்பதாம் நாளும் செத்தேன். பத்தாம் நாள் சாயந்திரம் உனக்குக் கடைசிப் பரீட்சை முடிந்தது, மறுநாள் காலைத் தபாலில் போட வேண்டும். ஐந்து மணிக்கு நீ நேராகக் கடைக்கே வந்தாய். ராஜா அப்போதுதான் என்னை மறுபடி வெட்டியிருந்தான். உன் குரல் வாசலில் கேட்டதும் திரையை அணைத்தேன்.

"முடிச்சிட்டியா நைனா?"

"முடிச்சிட்டேன்."

இதுதான் நான் சொல்லாமல் விட்ட பாதி. முடிக்கவில்லை. முடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நீ அப்படியே எழுதியிருப்பாய், இல்லை இன்னும் இரண்டு நாள் கேட்டுக் கடிதம் போட்டிருப்பாய். சொல்ல வாய் வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். வெட்கம்கூட இல்லை. அந்த நாட்களில் எல்லாமே என் கையிலிருந்து தானாக நழுவிக்கொண்டிருந்தது, அதில் இந்தப் பொய்யும் ஒன்று. சொல்லும்போது கனமாகவே தெரியவில்லை.

"கடேசில இன்னா ஆவுது?"

"மேல வர்றான்."

"எப்பிடி?"

"ஏறி வர்றான். வாசல் தொறந்து கீது. வெளிச்சத்துல கண்ணு கூசி கைய வெச்சி மறைச்சிக்கிறான். கொஞ்ச நேரம் அங்கியே நிக்கறான்."

நான் யோசித்துச் சொல்லவில்லை. வேலை முடிந்தால் ஆள் மேலே வர வேண்டும், வேறு மாதிரி முடியும் என்று என் புத்தியில் வரவே இல்லை. இத்தனை வருஷம் எண்ணி இறக்கி எண்ணி ஏற்றியவன் வேறு எதைச் சொல்வேன்? வீட்டுக்கு வந்து, சந்தேகம் வரக்கூடாதென்று நோட்டிலும் எழுதினேன்.

உனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. முடிவை உடைத்துச் சொல்லக் கூடாது, கோடி காட்டலாம் என்றாய். கடைசிப் பத்தி முழுக்க அந்த வெளிச்சத்தைப் பற்றியே எழுதினாய். வாசித்துக் காட்டினாய். எனக்குப் பாதி இங்கிலீஷ் புரியவில்லை, நன்றாக இருக்கிறது என்றேன்.

மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. நீ தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அங்கேயே பிரித்தாய். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். குடம் நிரம்பி வழிந்தது, நீ குழாயை மூடவில்லை, நான்தான் மூடினேன்.

"இங்கிலீஷ் நல்லாருக்குதாம். ஆனா ஆட்டத்த முடிக்காமயே எழுதியிருக்கறேன்னு போட்டிருக்கறாங்க."

நான் குடத்தைக் குழாயடியிலிருந்து நகர்த்தினேன்.

"அவன் மேலயே வர்றதில்லியாம் நைனா. ராஜாவ கொன்னுட்டு அந்த எடத்துல இவனே குந்திக்கிறானாம். முடிவ சொந்தமா கட்டி எழுதறவங்கள நம்ப முடியாதுன்னு எழுதியிருக்கறாங்க." கடிதத்தை மடித்தாய். "நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"மேல வந்தானா?"

"வந்தான். அவுங்க கிட்ட கீறது வேற சிடியா இருக்கும்."

"செரி நைனா" என்றாய். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். என்னைத் திட்டவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தப் பத்திரிகைக்கு மறுபடி எழுதவும் இல்லை. படிப்பு முடிந்ததும் பெங்களூரில் டெலிபோனில் பதில் சொல்லும் வேலைக்குச் சேர்ந்து, மாரிகுப்பத்திலிருந்து காலை ரயிலில் போய்வர ஆரம்பித்தாய். அந்த வேலை உனக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீ என்னை நம்பினாயா, நம்பின மாதிரி இருந்தாயா என்று மட்டும் இன்றுவரை தெரியாது. கேட்டதில்லை.

அந்தக் கடிதம் வந்த மறுநாள் காலை நான் மறுபடி கடைக்குப் போனேன். "பாப்பா எழுதுனது வந்துருச்சாண்ணா புக்குல?" என்று கடைக்காரன் கேட்டான். இல்லை என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. வீரன் ஒன்பதாம் லெவல் விளக்கடியில் அப்படியே இருந்தான். மூன்று நாள் ஆடினேன். இப்போது தபாலுக்கு நேரம் ஆகவில்லை, யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அடிக்காமல் நின்று பார்த்தேன். ராஜா வலது கத்தியை ஓங்குவதற்கு முன் இடது தோளை ஒரு தடவை தாழ்த்துகிறான். எட்டாம் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

நாலாம் நாள் கடைக்காரன் ஏதோ பார்ட் வாங்க பங்காருப்பேட்டை போயிருந்தான். கடையில் நான் மட்டும்தான். பதினொரு மணி வாக்கில் ராஜா விழுந்தான். வீரன் கத்தியைக் கீழே போட்டான். படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு நடந்து போய் அந்தக் கல் நாற்காலியில் உட்கார்ந்தான். காலிலிருந்து சாம்பல் ஏறியது. முட்டி, இடுப்பு, நெஞ்சு. அப்புறம் திரை கறுத்து, விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே போயின. எல்லாப் பெயரும் போய் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மைனில் ஷிப்ட் புத்தகத்தில் தப்பு விழுந்தால் அழிக்கக் கூடாது. தப்பு தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, சரியானதைக் கீழே எழுதி, எழுதினவன் கையெழுத்துப் போட வேண்டும். 'வீரன் மேலே வருகிறான்' என்ற வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். கீழே, 'வரவில்லை. இன்றுதான் பார்த்தேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.